பதினேழாம் எண் கையுறை

கூலிபா, குயின்ஸ்லாந்து
பிப்ரவரி 9

என் வழுக்கைத் தலை மச்சான் அபக்குகிக்கு,

பெனியோனி எழுதுவது. புலா, வணக்கம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? துறையில் என்னை வழியனுப்ப வந்தபோது நீ நொண்டியதைப் பார்த்துச் சிரித்தேன். அந்தப் பாவத்துக்கு இங்கே எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சரிக்குச் சரி. உன் வீட்டில் இருப்பவர் சுகமா? அவருக்கு இருமல் என்று உன் மகன் கெலெபி சொன்னான். வெந்நீர் குடிக்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே, நீயே சொல்கிற மாதிரிச் சொல்.

ரேடியோ போனில் கூப்பிடவில்லை என்று கோபப்படாதே. அந்தப் பெட்டி நர்ஸ் வீட்டில் இருக்கிறது. நாம் இருவரும் பேசினால் ஏழு கிராமம் காதை வைத்துக்கொண்டு கேட்கும். செல்போன் கோபுரமும் புயலில் சாய்ந்தது சாய்ந்ததுதான். நமக்குக் கடிதம்தான் லாயக்கு.

ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு நீல ஹெல்மெட் கொடுத்துவிட்டார்கள். இந்த இறைச்சி ஆலையில் வெள்ளை ஹெல்மெட் போட்டவன் வெட்டுவான், நீல ஹெல்மெட் போட்டவன் வெட்டச் சொல்வான். எலும்பு பிரிக்கும் கூடத்தில் நம் ஊர்க்காரர்கள் பதினோரு பேருக்கும் இனி நான்தான் தலைவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடியவனுக்கு எதற்கு என்று மேனேஜர் கிரெய்கிடமே கேட்டேன். "நீ இருக்கிற இடத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க பென், அது போதும்" என்றார். அவருக்குச் சிரிப்பு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

இரண்டு நாள் வகுப்புக்கும் அனுப்பினார்கள். டோனா என்ற அம்மா பாடம் நடத்தினார். ஒருவனிடம் குறை சொல்ல வேண்டுமானால் அதை ரொட்டிக்கு நடுவில் இறைச்சி வைப்பது போல வைக்க வேண்டுமாம். மேலே பாராட்டு, நடுவில் குறை, கீழே மறுபடி பாராட்டு. மறுநாளே ஜோசுவாவிடம் செய்து பார்த்தேன். நீ நன்றாக விசில் அடிக்கிறாய், எலும்பில் கொழுப்பை விட்டுவிடுகிறாய், விசில் உண்மையிலேயே அருமை என்றேன். அன்றிலிருந்து நாள் முழுக்க விசில் அடிக்கிறான். கொழுப்பு அப்படியே இருக்கிறது.

உன் மகன் கெலெபி நன்றாக இருக்கிறான். வந்து ஆறு வாரத்தில் கை நன்றாகப் பழகிவிட்டது. மாமன் பொருளைக் கேட்காமல் எடுக்கும் மருமகன் உரிமையையும் விடவில்லை. என் மழைக்கோட்டு, ஜன்னலோரக் கட்டில், மீன் டின் மூன்று, எல்லாம் இப்போது அவனுடையவை. எடுத்துக்கொள்ளட்டும். அக்காள் மகன் எடுக்காமல் வேறு யார் எடுப்பது.

உன் அழகான மச்சான்,
பெனியோனி


நசோக்கோ கிராமம், லாவ் தீவுகள்
மார்ச் 4

கோணல் மூக்கு மச்சானுக்கு,

அபக்குகியின் புலா. கடிதம் நேற்றைய கப்பலில் வந்தது. முழங்கால் வலி தேவலை. இருமல் நின்றுவிட்டது. வெந்நீர் குடி என்று நானாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, "இருபத்தேழு வருஷமா இல்லாத அக்கறை, கப்பல் வந்த அன்னைக்குத்தான் வந்துதா?" என்றாள். உன் குட்டு உடைந்தது. "அங்க சாப்பாடு ஒழுங்கா இருக்கா" என்று கேட்கச் சொன்னாள். யாரை என்று சொல்லவில்லை. மகனையும் இருக்கலாம், உன்னையும் இருக்கலாம்.

நீல ஹெல்மெட் செய்தியை யங்கோனா வேர்ச்சாறு குடிக்கும் இடத்தில் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். இலாய்த்தியா வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. உன் இடது கையைப் பிரம்பால் அடித்து அடித்து வலது கையால் எழுத வைத்தது தன் சாதனை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெருமை அடித்துக்கொள்ளாதே. நானும் தலைவன் ஆகிவிட்டேன். ஊர்த்தலைவர் வேலைக்குக் கூட்டம் போட்டார்கள். ஆண்களில் எண்ணினால் ஒன்பது பேர். அதில் நாலு பேர் எண்பதைத் தாண்டியவர்கள். மற்றவர்கள் எல்லாம் உங்களோடு இறைச்சி வெட்டுகிறார்கள், இல்லாவிட்டால் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கிறார்கள். திங்கட்கிழமை புல் வெட்ட வாருங்கள் என்று சங்கு ஊதுகிறேன். வருவது நானும் பாதிரியாரும். பாதிரியாருக்கு இடுப்பு வலி.

வீட்டுக்கூரை இன்னும் தார்ப்பாய்தான். கெலெபி மூன்று வருடம் தாக்குப் பிடித்தால் தகரம் போட்டுவிடலாம் என்று இவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். நீ பார்த்துக்கொள்.

உன் தலைக்கு மேலான
ஊர்த்தலைவர் அபக்குகி


கூலிபா
மார்ச் 31

மதிப்புக்குரிய ஊர்த்தலைவர் அவர்களுக்கு,

புலா. சங்கு ஊதி ஊதி உன் கன்னம் வீங்கியிருக்கும், எண்ணெய் தடவு. இங்கே சாப்பாட்டுக்குக் குறை இல்லை. உன் வீட்டில் இருப்பவரிடம் சொல்: இரண்டு பேருமே சாப்பிடுகிறோம். மரவள்ளி கிடைக்கிறது, உறைந்து கல் மாதிரி.

வகுப்பின் அடுத்த பகுதி முடிந்தது. ஒருவர் கண்ணை மூடிப் பின்னால் விழ வேண்டும், மற்றவர்கள் தாங்க வேண்டும். நம்பிக்கை வளருமாம். நான் திரும்பி நின்றதும் என்னைத் தாங்க நின்ற நாலு வெள்ளைக்காரர்களும் என் முதுகைப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். நான் விழுந்த இடத்தில் தரை இன்னும் சரியாகவில்லை.

பிறகு டோனா சொன்னார்: தலைவன் என்றால் நடுவில் ஆள் வைக்காமல் நேருக்கு நேர் பேச வேண்டும். யாரிடம் பேச உனக்குக் கஷ்டம் என்று கேட்டார். என் அக்காளிடம் என்றேன். என்ன சண்டை என்றார். சண்டையே இல்லை, பத்து வயதிலிருந்து நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவர் இருக்கும் அறைக்குள் நான் போகமாட்டேன், எங்கள் ஊரில் அதுதான் மரியாதை என்றேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனநல ஆலோசகரின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உன்னோடு பேசி மூளை குழம்பும்போது பயன்படும்.

இப்போது சிரிக்காமல் படி. நம் கெலெபிக்கு இரண்டு மெமோ வந்துவிட்டது. இரண்டும் ஷிப்டுக்குத் தாமதமாக வந்ததற்கு, கிரெய்க் கொடுத்தது. மூன்றாவது வந்தால் விமானம் ஏற்றிவிடுவார்கள். இந்த நிலையில் பையன் கையுறையைத் தொலைத்துவிட்டான். இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை, கத்தி பிடிக்காத கையில் போடுவது, ஆளுக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு கொக்கி. தொலைத்தேன் என்று சொன்னால் மெமோ. அதனால் சொல்லாமல் என் கொக்கியிலிருந்து பதினேழாம் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். எந்தக் கைக்கும் பொருந்துகிற பொருள்தான். நான் இப்போது அதிகம் வெட்டுவதில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

நான் என்ன சொல்வது? அக்காள் மகன் எடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அவர் வீட்டு வாசலில் நின்று கத்தியது போல ஆகும். நீ அப்பன். நீ ஒரு வரி அவனுக்கு எழுது. கையுறை தொலைந்ததைப் போய்ச் சொல்லிவிடடா என்று.

பெனியோனி


நசோக்கோ
ஏப்ரல் 29

நீலத் தலை மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் இடுப்பு எப்படி? இவள் பாய் பின்னிக்கொண்டிருக்கிறாள். மகனுக்கு மகன் பிறந்தால் போடுவதற்காம். அவனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.

கையுறை விஷயம் படித்தேன். நல்லவேளை, மாமன் கையுறையில்தான் கை வைத்தான். என் அப்பாவின் மாமன் படகையே எடுத்துக்கொண்டு போனவர்கள் நாங்கள். எழுதுகிறேன், எழுதுகிறேன். இந்த மாதம் தண்ணீர்த் தொட்டிக்கு அதிகாரி வருகிறார். தொட்டிக்கு யார் மண் சுமப்பது என்று ஒன்பது பேருக்குள் பெரிய சண்டை. என்னைத் தலைவன் ஆக்கியவர்களே என் பின்னால் பேசுகிறார்கள். பெண்கள்தான் கடைசியில் சுமந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லப் போனால், "நன்றி இருக்கட்டும், வாளியைப் பிடி" என்றார்கள்.

சில நாள் எழுந்திருக்கவே மனம் வரவில்லை, மச்சான். உனக்கும் அப்படி உண்டா?

அபக்குகி


கூலிபா
மே 24

மச்சானுக்கு,

சுகம்தான். உன் கடிதம் கிடைத்தது. கேட்டாயே, உண்டு. ஆறு நாளும் உண்டு. ஏழாவது நாள் சர்ச்சில் உட்கார்ந்து தூங்குகிறேன்.

மேலே இருப்பவர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பெட்டி என்று கேட்கிறார். கீழே இருப்பவர்கள் எத்தனை நிமிடம் ஓய்வு என்று கேட்கிறார்கள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பல்லைக் காட்டுகிறேன். முன்பு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நான் வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒரு நகைச்சுவை சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

காய்ச்சல் பரவுகிறது. தினம் இரண்டு ஆள் குறைகிறது. நானும் அவ்வப்போது கத்தியைப் பிடிக்க வேண்டி வருகிறது.

கெலெபிக்கு எழுதினாயா? அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையுறை அவனிடம்தான் இருக்கிறது. உன் வீட்டில் இருப்பவருக்கு என் வணக்கத்தை உன் வாயால் சொல்.

பெனியோனி


நசோக்கோ
ஜூலை 2

மச்சான்,

புலா. சுகமா? உன் மே மாதக் கடிதத்துக்குப் பிறகு வந்த கப்பலில் ஒன்றும் இல்லை. தபால் பையை நானே இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்தேன். நேற்றைய கப்பலிலும் இல்லை. கெலெபியிடமிருந்தும் ஒன்றும் இல்லை.

உன்னைத் திட்ட ஒரு பக்கம் யோசித்து வைத்திருந்தேன். எழுதத் தோன்றவில்லை. இவளோ, கப்பல் வந்த அன்று மட்டும் துணி துவைக்கத் துறைப்பக்கம் போகிறாள். துவைத்த துணியையே துவைக்கிறாள்.

இரண்டு வரி எழுது.

அபக்குகி


கூலிபா
ஜூலை 19

மச்சானுக்கு,

சுகம். கவலை வேண்டாம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. கெலெபி சுகம். குளிர் அதிகம். இப்போது எனக்கு இலேசான வேலை. உட்கார்ந்தே செய்யலாம். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

வீட்டில் இருப்பவர் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

பெனியோனி


நசோக்கோ
ஆகஸ்ட் 8

மச்சான்,

உன் ஏழு வரியை நான் எழுபது முறை படித்துவிட்டேன். அதில் ஒரு கேலிகூட இல்லை. என் தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாற்பத்தெட்டு வயதில் நீ என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை.

நான் அதோடு விட்டிருப்பேன். கடிதத்தைப் பலகை மேல் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் இவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உன் கடிதத்தை அவள் தொட்டதே கிடையாது, உனக்குத் தெரியும். "இது இடது கை எழுத்து. வாத்தியார் அடிக்கிறதுக்கு முன்னால இப்படித்தான் சாஞ்சு இருக்கும். வலது கைக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க" என்றாள். பிறகு சமையல் கொட்டகைக்குப் போய்விட்டாள். அடுப்பு புகையும் வாசனையே வரவில்லை. 

அதனால் கேட்கிறேன். வலது கைக்கு என்ன ஆச்சு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கெலெபிக்கு நான் எழுதவே இல்லை. மாமனும் மருமகனும் விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அபக்குகி


கூலிபா
ஆகஸ்ட் 31

மச்சான்,

சுகமா என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இது உன்னோடு இருக்கட்டும்.

மே கடைசி வியாழக்கிழமை. மூன்று பேருக்குக் காய்ச்சல். இறைச்சி வரும் பெல்ட் யாருக்காகவும் நிற்காது. நான் ஒரு காலி இடத்தில் போய் நின்றேன். எனக்குக் கத்தி இடது கையில், எழுத்து வலது கையில், அது வாத்தியார் செய்த புண்ணியம். ஆகவே கையுறை வலது கையில் போட வேண்டும். கொக்கி காலி. நாலு ஆள் தள்ளி உன் மகன் நிற்கிறான், மணிக்கட்டில் பதினேழு பளபளக்கிறது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

நாலே வார்த்தைதான் தேவை. கெலெபி, அதைக் கழற்றிக் கொடு. தலைவனாகச் சொல்லியிருக்கலாம், அதற்குத்தான் ஹெல்மெட். வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "என்னடா மருமவனே, என் கை உனக்குப் பொருத்தமா இருக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டான். ஸ்டோரில் வேறு கையுறை கேட்டிருக்கலாம். உன்னுடையது எங்கே என்று தாளில் எழுதச் சொல்வார்கள். அதனால் வெறுங்கையோடு வெட்டினேன். நாற்பது நிமிடம் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு கத்தி வழுக்கியது. வலது கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நரம்பு போய்விட்டது. தைத்தார்கள். விரல் இருக்கிறது, மடங்காது.

ஆஸ்பத்திரிக்கே கிரெய்க் வந்தார். "உன் கிளவ் எங்க பென்?" என்றார். அறையில் மறந்துவிட்டேன் என்றேன். தாளில் இடது கையால் 'என் தவறு' என்று எழுதினேன். வகுப்புக்குப் போன தலைவனே கையுறை இல்லாமல் வெட்டினால் மற்றவனுக்கு என்ன சொல்வது என்றார். நியாயம்தான். நீல ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார்கள். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டமாட்டார்கள். அதுவரை சலவைப் பகுதியில் வேலை. எல்லோருடைய கையுறையையும் கழுவிக் கொக்கியில் மாட்டுகிறேன். பதினேழையும் நான்தான் கழுவுகிறேன். இப்போதும் அவன்தான் போடுகிறான். அவன் என்னோடு பேசுவதில்லை. கட்டிலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அவன் பெயர் எங்கும் இல்லை. அவன் மூன்று வருடம் இருப்பான், உன் கூரைக்குத் தகரம் வரும். அதனால் இதை உன் வீட்டில் இருப்பவரிடம் சொல்லாதே. கை மரத்துப்போனதால் இடது கையால் எழுதுகிறான் என்று சொல். குளிர் என்று சொல். எதையாவது சொல்.

வாழ்நாள் முழுக்கப் பேசிப் பேசியே பிழைத்தவன் நான், மச்சான்.

பெனியோனி


நசோக்கோ
செப்டம்பர் 22

பெனியோனி,

இது சலோத்தே. உன் பெயரை எழுதி நாற்பது வருடம் ஆகப் போகிறது. எழுத்து சரிதானா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

உன் மச்சான் உன் வார்த்தையைக் காப்பாற்றத்தான் பார்த்தார். குளிர் என்றார். அவர் பொய் சொல்லும்போது காதைத் தடவுவார். நான் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டேன். அவரைத் திட்டாதே.

நான் உனக்கு எழுதக் கூடாது. எழுதுகிறேன். ஊரில் தெரிந்தால் பேசுவார்கள். பேசட்டும்.

கெலெபி உன்னிடம் எடுப்பதெல்லாம் என் பெயரில் எடுப்பது. நான் உன் அக்காள் என்பதால்தான் அவனுக்கு அந்த உரிமை. மழைக்கோட்டு எடுக்கட்டும். உன் கையை எடுக்க நான் அவனுக்கு உரிமை கொடுக்கவில்லை. இந்தக் கப்பலிலேயே அவனுக்கும் ஒரு கடிதம் போகிறது. அந்தக் கையுறையை எல்லோர் முன்னாலும் உன்னிடம் கொடுத்துவிட்டு, உங்கள் அதிகாரியிடம் உண்மையைச் சொல் என்று எழுதியிருக்கிறேன். அவனுக்கு அவமானம்தான். எனக்கும்தான். விமானத்தில் ஏற்றினால் வரட்டும். இங்கே புல் வெட்ட ஆள் இல்லை.

கூரையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். தார்ப்பாய் இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கும். இழுத்துக் கட்டியிருக்கிறேன்.

நீ கடைசியாக என்னிடம் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுப்புப் பக்கம் வந்து, மீன் வெந்துவிட்டதா என்று கேட்டாய். அப்பா கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து நீ தனியாகச் சாப்பிட்டாய். வெந்துவிட்டது. பெரிய துண்டு உனக்குத்தான் வைத்திருந்தேன்.

கையில் தேங்காய் எண்ணெய் தடவி யாரையாவது நீவச் சொல். குளிரில் நனைக்காதே.

சலோத்தே


கூலிபா
அக்டோபர் 20

இந்தத் தாளை நாலு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மச்சானுக்கு என்று எழுதிப் பழகிய கை. அதனால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை, ஷிப்டுக்கு முன்னால் நடக்கும் பத்து நிமிடக் கூட்டம். சலவைக்காரன் என்பதால் நான் கதவோரம் நின்றேன். கெலெபி நடுவில் வந்து ஈரத் தரையில் உட்கார்ந்தான். ஊரில் மன்னிப்புக் கேட்கிற மாதிரியே கையைக் குழித்து மூன்று முறை தட்டினான். நம் ஆட்கள் எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கிரெய்க் மட்டும் அட்டையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். பிறகு அவரும் குந்தி உட்கார்ந்து, யாராவது செத்துவிட்டார்களா என்று என்னைக் கேட்டார்.

கெலெபி இரண்டு கையாலும் பதினேழை எனக்கு நீட்டினான். "மாமா, இது உங்களோடது. நான் பயந்து போய் எடுத்தேன், உங்க கை போச்சு. அப்பவும் பயந்துதான் சும்மா இருந்தேன்" என்றான். பிறகு அதையே கிரெய்குக்குப் புரியும்படி இங்கிலீஷில் சொன்னான். தலையைக் குனியவில்லை. இந்த வருடம் முழுக்க இந்தக் கூடத்தில் நேருக்கு நேர் பேசியவன் அவன் ஒருவன்தான். அவன் எந்த வகுப்புக்கும் போனதில்லை.

நான் கையுறையை வாங்கிக்கொண்டேன். கேலி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "நீ எடுத்தது தப்புடா. அன்னைக்கே கழட்டுன்னு நான் சொல்லாததும் தப்பு" என்றேன். உங்கள் மகனிடம் குரல் உயர்த்தவில்லை. ஆனால் சொன்னேன். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன்.

மூன்றாவது மெமோ கொடுத்துவிட்டார்கள். கிரெய்குக்கும் மனம் இல்லை, விதி என்றார். நவம்பர் மூன்றாம் தேதி விமானம், பிறகு கப்பல். வந்ததும் அவனைத் திட்ட வேண்டாம். இளைத்துவிட்டான்.

'என் தவறு' என்று நான் எழுதிய தாளைக் கிரெய்க் திருத்தி எழுதினார். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார். வெட்ட வேண்டாம், பேசினால் போதும், இரண்டு வருடம் இரு என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அவ்வளவு அலுப்பு. பிறகு தார்ப்பாய் ஞாபகம் வந்தது. இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தகரம் நான் அனுப்புகிறேன். வேண்டாம் என்று எழுதாதீர்கள். எடுத்துக்கொள்ள மருமகனுக்கு உரிமை இருந்தால் கொடுக்க மாமனுக்கும் இருக்க வேண்டும்.

முதல் நாளே ஜோசுவாவிடம் போய், எலும்பில் கொழுப்பை விடாதே என்றேன். மேலே கீழே ரொட்டி வைக்கவில்லை. சரி என்றான். அதோடு விசிலையும் நிறுத்திவிட்டான். கூடம் வெறிச்சென்று இருக்கிறது. நாளைக்குப் போய் விசிலை மட்டும் அடிக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு விரலும் மடங்காது. எண்ணெய் தடவுகிறேன். எழுத்து இனி இப்படித்தான் சாய்ந்திருக்கும், உங்களுக்குப் படிக்கத் தெரியும்.

ஊருக்கு வந்தால் பழையபடி உங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் உட்காருவேன், நீங்களும் உள்ளேதான் இருப்பீர்கள். அது அப்படியே இருக்கட்டும். தாளில் மட்டும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எட்டு மாதமாக உன் வீட்டில் இருப்பவர், உன் வீட்டில் இருப்பவர் என்று மச்சானிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வரியில் கேட்டிருக்க வேண்டும், தைரியம் வரக் கடைசி வரி ஆகிவிட்டது.

சுகமா, அக்கா?

பெனியோனி